எலும்பைத் தோண்ட முதல் எங்கள் இரத்தத்தை எடுத்து வையுங்கள்

நீதி அமைச்சருக்கும், காணாமல் போனோர் விடயத்தைப் பொறுப்பேற்றிருக்கும் ஆணையாளர்களுக்கும்,

வணக்கம்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஓர் அம்மா காலமானார். 2017 மாசியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டப் பந்தல் போட்டு இருந்த நாள் தொடக்கம், பஸ் ஏறிப் போய்ப் போய் வந்தவர். மகனின் படத்தை லமினேற் பண்ணிப் பிடித்துப் பிடித்தே அதன் ஒரு மூலை உரிந்துவிட்டது. அந்தப் படத்தையும் நெஞ்சில் வைத்துத்தான் பெட்டியை மூடினார்கள். பின்னேரம் கோம்பயன்மணலில் எரித்தோம். கணவர் முன்னமே போய்விட்டார், வேறு பிள்ளையும் இல்லை. செம்மணிப் புதைகுழியில் எடுத்த எலும்புக்கூடுகளில் ஒன்று அவருடைய மகனாக இருந்தால், அவன் யார் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஆள் அன்றைக்குச் சாம்பலாகிவிட்டார். அவரிடம் ஒரு துளி இரத்தம்கூட யாரும் எடுத்து வைக்கவில்லை.

அதற்காகத்தான் இந்த மடல். கேட்பது ஒன்றுதான். உறவினர்களின் டிஎன்ஏ மாதிரிகளை இப்போதே எடுத்துப் பாதுகாப்பாக வையுங்கள். எலும்பு வெளியில் வரட்டும், வழக்கு முடியட்டும், ஆய்வுகூடம் எது என்று முடிவாகட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

செம்மணியின் கதை உங்களுக்குத் தெரியும். அங்கே உடல்கள் புதைக்கப்பட்டிருக்கு என்று 1998இல் மரணதண்டனை பெற்ற சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்னதும், 1999இல் தோண்டி 15 உடல்கள் எடுத்ததும், அதில் இரண்டு பேரைத்தான் அடையாளம் கண்டதும் கோப்பில் இருக்கும். 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்ட வெட்டியபோது திரும்பவும் எலும்பு வந்தது. 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், அதில் நீலப் புத்தகப் பையோடு ஒரு குழந்தை. ஓகஸ்ட் 5ஆம் திகதி உடுப்புகளையும் பொருள்களையும் சனத்துக்குக் காட்டினீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 1996 ஆடியில் சைக்கிளில் வெளிக்கிட்டு வராமல் போன என் அண்ணாவுக்கு அப்போது 19 வயது. அன்று போட்டிருந்த சேட்டில் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், அம்மாவே தைத்தது. அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பொத்தானைத்தான் பார்த்தார். 29 வருடம் மண்ணுக்குள் கிடந்த துணியில் நிறம் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. அவருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "இல்லைப் பிள்ளை" என்றார். அது ஆறுதலா ஏமாற்றமா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். பொத்தானால் முடியாததை எது செய்யும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். எங்கள் வெக்கை மண்ணில் டிஎன்ஏ பழுதாகும் என்பது உண்மை. ஆனாலும் பல்லிலும், தொடையெலும்பிலும், உட்செவியைச் சுற்றியுள்ள கல்லுப்போன்ற எலும்பிலும் அது பிழைத்துக் கிடக்கும். எடுத்தபின் என்ன செய்வது? எலும்பு பெயர் சொல்லாது. ஒப்பிட உயிரோடு இருப்பவர் வேண்டும். தாயும் தகப்பனும் இருந்தால் கணக்கு நேராக வரும். டிஎன்ஏயில் பரிசோதிக்கிற ஒவ்வோர் இடத்திலும் பிள்ளையிடம் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று தாயுடையது, மற்றது தகப்பனுடையது. சகோதரம் மட்டும் மிஞ்சினால் அப்படி இல்லை. ஓர் இடத்தில் அண்ணாவும் நானும் ஒன்றைக்கூடப் பகிராமல் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. போதாததற்கு, நாங்கள் மச்சான் மச்சாளைக் கட்டி ஊருக்குள்ளேயே கலந்த சனம். ஒரே ஊரில் பத்துப் பெடியன்கள் போயிருந்தால், தூரத்துச் சொந்தத்தின் இரத்தத்தை வைத்து இவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று பிரிப்பது லேசில்லை. பெற்றோரின் மாதிரிக்கு ஈடு கிடையாது. அவர்கள்தான் முதலில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா 2019இல் போனார். ஆஸ்பத்திரியில் 11 நாள் கிடந்தார். ஒவ்வொரு விடியவும் மிஸ்ஸி வந்து இரத்தம் குத்துவா. ஒருநாள் மூன்று குழாய் எடுத்தா. சீனிக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, மற்றது என்னத்துக்கோ. அண்ணாவை அப்பா தம்பி என்றுதான் சொல்லுவார். கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார், "தம்பியின்ரை விசயத்துக்கும் இதிலை கொஞ்சம் எடுப்பினமோ?" பொறுப்பான வைத்தியரிடம் போய்க் கேட்டேன். நல்ல மனிசன். மேலிடத்து உத்தரவு இல்லாமல் எடுக்க ஏலாது, எடுத்தாலும் எங்கே அனுப்புவது என்றார். அவர் சொன்னது சரிதான், அனுப்ப இடம் இல்லை. அண்ணாவின் விபரத்தைப் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். விண்ணப்ப இலக்கத்தைக் கேட்டார்கள், சொன்னேன். "உங்கடை கோப்பு இருக்கு" என்றார்கள். கோப்பு இருக்கிறது. அப்பாவின் இரத்தம் 11 நாளும் சோதித்து முடிந்ததும் குப்பைக்குப் போனது.

செத்த வீடு முடிந்ததும் அவருடைய பல்துலக்கியையும் றேசரையும் எடுத்துக் கடதாசி உறைக்குள் வைத்தேன். பொலித்தீனில் வைத்தால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சீப்பையும் வைக்கச் சொல்லி அம்மா தந்தார். சீப்பில் கிடப்பது வேர் இல்லாத மயிர். அதில் பெரும்பாலும் இழைமணியின் டிஎன்ஏதான் கிடைக்கும், அது தாய்வழியில் மட்டும் இறங்குவது. தகப்பனின் சீப்பு மகனைக் காட்டாது. அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தவில்லை, வாங்கி வைத்தேன். ஓர் அரசாங்கம் செய்யவேண்டிய வேலையை நான் அலுமாரியின் மேல்தட்டில், பாச்சைமருந்து உருண்டைக்குப் பக்கத்தில் செய்துகொண்டிருக்கிறேன்.

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சி மகள்மாரைக் கொன்று பேரப்பிள்ளைகளைக் களவெடுத்தபோது, பாட்டிமார் விஞ்ஞானிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். பெற்றோர் இல்லாமலே பாட்டன் பாட்டியின் இரத்தத்தில் பிள்ளையை அடையாளம் காணும் கணக்கை மேரி கிளயர் கிங் என்ற மரபியல் விஞ்ஞானி 1984இல் அவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். 1987இல் சட்டம் போட்டு மரபணு வங்கி அமைத்தார்கள். இரத்தம் கொடுத்த பாட்டிமார் எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள். ஆனாலும் 2025 யூலையில் 140ஆவது பேரப்பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். பொஸ்னியாவில் சிரெப்ரெனிக்காவில் கொன்ற ஏறக்குறைய 8,000 பேரில் 7,000 பேரளவில் பெயரோடு அடக்கம் செய்ய முடிந்ததும், வீடு வீடாக உறவினரின் இரத்தம் சேர்த்ததால்தான். அதற்குப் பெரிய இயந்திரமும் வேண்டியதில்லை. விரலில் ஒரு குத்து, வடிதாள் அட்டையில் நாலு பொட்டு, காயவிட்டு உறையில் போட்டால் வருடக்கணக்காகக் கிடக்கும். கரண்ட் போனாலும் பழுதாகாது.

எங்கள் நாட்டில் வசதி இல்லை என்றும் சொல்லவேண்டாம். ஈஸ்டர் தாக்குதல் விசாரணையில், சாய்ந்தமருதில் ஒரு பெண் செத்தாரா தப்பினாரா என்று அறிய மூன்று முறை டிஎன்ஏ பார்த்தீர்கள். இரண்டு முறை பொருந்தவில்லை என்று விட்டுவிடவில்லை. 2023இல் தாயின் மாதிரியோடு பொருந்தியது. நல்ல வேலை, மனதாரச் சொல்கிறேன். அரசுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டால் எலும்பும் பேசும், தாயின் இரத்தமும் பேசும் என்று அன்றைக்குப் படித்தோம். எங்களுக்குத் தேவைப்படுகிறபோது மட்டும் மன்னார்ப் புதைகுழியில் நடந்ததுபோல எலும்பைப் புளோரிடாவுக்கு அனுப்பி, காபன் கணக்குப் பார்த்து, 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று தாள் வாங்குகிறீர்கள். காபன் காலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. மாத்தளைப் புதைகுழியிலும் இதே கதைதான். 1987இலிருந்து 1989 வரை தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்கள அம்மாமாரிடம் யாராவது ஒரு பொட்டு இரத்தம் வாங்கி வைத்திருக்கிறார்களா? அந்தப் பிள்ளைகளின் கட்சியான ஜேவிபிதான் இன்றைக்கு ஆட்சியில். வருடாவருடம் நினைவுகூர்கிறீர்கள், பூ வைக்கிறீர்கள். எலும்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லோரும் கோப்பைப் பார்க்கிறார்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவேண்டும். நீங்கள் காணாமல் போனோர் என்று எழுதுகிறீர்கள், நாங்கள் காணாமல் ஆக்கப்பட்டோர் என்கிறோம். அந்தச் சண்டையை இன்றைக்கு விடுகிறேன்.

சனத்துக்கு ஒரு பயம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். எங்கள் இரத்தத்தை உங்கள் கையில் தந்தால், நாளைக்கு அது பொலிசின் பெட்டிக்குள் போகாதா? எங்கள் பெடியனையே சந்தேக நபர் ஆக்காதா? நியாயமான பயம். அதனால் சம்மதம் எழுத்தில் வாங்குங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுவதைத் தவிர வேறு எதற்கும் பாவிக்கக்கூடாது என்று சட்டத்தில் போடுங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டாவது அட்டை, இந்த வேலையில் பழக்கமுள்ள சர்வதேச அமைப்பு ஒன்றிடம் இருக்கட்டும். எங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டு தாருங்கள். அப்படியென்றால் சனம் வரும். வர ஏலாதவர்களிடம் நீங்கள் போகவேண்டும். வயது கூடியவர்களிடம் முதலில்.

ஆகவே பணிவோடு திரும்பவும் கேட்கிறேன். எலும்பின் வேலை அதன் பாட்டுக்கு நடக்கட்டும், அது இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கும். பெற்றோரின் மாதிரிகளை இந்த வருடமே எடுத்து முடியுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. மாதத்தில் முதலாம் வியாழன் கிளினிக், மற்ற நாள் எல்லாம் வீட்டில்தான் இருப்பார். நரம்பு பிடிபடுவது கொஞ்சம் கஷ்டம், இடக்கையில் பாருங்கள். வருகிறபோது அப்பாவின் கடதாசி உறையையும் தருகிறேன்.

இப்படிக்கு,
அரியாலையிலிருந்து ஒரு தங்கை