ஏற்காடு மலையிலும் ஊதிப் பார்க்க வசதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். மரபணுக் கோளாறால் நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகிவிடும் நோய். முதலில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் ஆரம்பநிலை காசநோய்) என்றே மருந்து கொடுத்தார்கள். இந்த நோய் இருந்தால் வியர்வையில் உப்பு அதிகமாக இருக்கும். முத்தம் கொடுத்தால் குழந்தையின் நெற்றி உப்புக் கரிக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால், வியர்வைப் பரிசோதனைக்கு அப்போதே போயிருப்போம்.

இப்போது வீட்டிலேயே, மூச்சை அளக்கும் கருவியான சிறிய ஸ்பைரோமீட்டரில் ஊதுகிறாள். மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் முடிந்தவரை வேகமாக விட வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் கணக்கு. மூன்று முறை ஊதி, அதிகமானதை நோட்டில் எழுதுகிறோம். வழக்கமான அளவில் 10 சதவீதம் குறைந்தால், இருமல் கூடாவிட்டாலும் டாக்டரிடம் போய்விடுவோம். பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறாள் என்று விட்டுவிடக் கூடாது.

சேலத்தில் இருப்பதால் எங்களுக்குச் சரி. மலைக் கிராமத்துக்காரர்கள் இதற்காகவே 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறார்கள், இருமுகிற குழந்தையோடு. ஏற்காடு பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்பைரோமீட்டரும், ஆளுக்கொரு புது ஊதுகுழலும், ஊதச் சொல்லித்தரத் தெரிந்த செவிலியரும் கிடைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு தாய்,
அஸ்தம்பட்டி, சேலம்.