கோர்ட் காகிதத்துக்குக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், அமெரிக்காவில் படித்த காலத்தில் ஒரு சின்ன ஊரில் போலீஸ் எழுதிக் கொடுத்த அபராதச் சீட்டின் கோர்ட் ஆவணத்தை இப்போது க்ரீன் கார்டுக்காகக் கேட்கிறார்கள், எப்படி வாங்குவது என்று கேட்டிருந்தார். அங்குள்ள தகவல் உரிமைச் சட்டமான எஃப்.ஓ.ஐ.ஏ.வின் கீழ் மனு போடுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். அந்தச் சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்கு மட்டும்தான். கோர்ட்டுகளை அது தொடுவதே இல்லை, அதிலும் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) கோர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மனு போட்டால் வாரக்கணக்கில் காத்திருந்து, எங்களிடம் அந்த ஆவணம் இல்லை என்ற பதிலைத்தான் வாங்க வேண்டியிருக்கும். க்ரீன் கார்டு கெடு வைத்துக் கேட்கிறவர்களுக்கு அந்த வாரங்கள் எவ்வளவு பெரியவை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் தம்பிக்காக நான் இதே அலைச்சலை அலைந்தேன்.

நான் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசனில் இருக்கிறேன். தம்பி 2011-இல் இதே மாநிலத்தில், சோளக்கொல்லைகளுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் நடுவே இருக்கும் ஒரு சிறிய கல்லூரி ஊரில் படித்தான். பொங்கலுக்கு நண்பர்கள் கூடிப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று போலீஸைக் கூப்பிட, வந்தவர் சைட்டேஷன் என்கிற அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அபராதம் கட்டினான், மறந்தும் போனான். க்ரீன் கார்டு படிவத்தில் உங்களை எப்போதாவது கைது செய்திருக்கிறார்களா, சைட்டேஷன் கொடுத்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்று எழுதினான். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு கோர்ட் முத்திரையோடு காகிதம் வேண்டும் என்றார் வக்கீல்.

முதலில் நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் செய்யாமல் இருக்கட்டும். கூகுளில் தேடினால் மேலே வருவதெல்லாம் பணம் வாங்கிக்கொண்டு ஆளைப் பற்றித் தேடித் தரும் தளங்கள். ஒரு டாலர் என்று ஆரம்பித்து, மாதாமாதம் கார்டிலிருந்து எடுத்தார்கள். கடைசியில் கிடைத்தது தம்பி பழைய வாடகை வீட்டின் முகவரி. அவர்களிடம் கோர்ட் முத்திரை கிடையாது, இருக்கவும் முடியாது.

சரி, எங்கே கேட்பது? வழக்கு எந்த கவுன்டியில் நடந்ததோ அந்த கவுன்டியின் கோர்ட் கிளார்க்கிடம். இங்கேயும் ஒரு குழப்பம் உண்டு. விஸ்கான்சினில் 'கவுன்டி கிளார்க்' ஒருவர், 'கிளார்க் ஆஃப் சர்க்யூட் கோர்ட்' வேறொருவர், இரண்டு பேரும் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்கள், பல ஊர்களில் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். முதலாமவர் தேர்தல் வேலையையும் கல்யாண லைசென்ஸையும் பார்ப்பவர். சர்க்யூட் கோர்ட் என்பது இங்கே கவுன்டி அளவில் வழக்கை விசாரிக்கும் கோர்ட், அதன் வழக்குக் கோப்பு இரண்டாமவரிடம்தான். உயில் விவகாரம் என்றால் அதற்கு 'ரெஜிஸ்டர் இன் ப்ரோபேட்', நிலப் பத்திரம் என்றால் 'ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ்'. நான் முதலில் கூப்பிட்டது கவுன்டி கிளார்க்கை. ஒரு நாள் போயிற்று.

கூப்பிடுவதற்கு முன்னால் வழக்கு எண்ணைத் தேடிக்கொள்ளுங்கள். விஸ்கான்சினில் 1999 முதலே சர்க்யூட் கோர்ட் வழக்குகளின் சுருக்கம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இங்கே எல்லாரும் அதை 'சிகேப்' என்பார்கள். மாநிலத்தின் 72 கவுன்டிகளுக்கும் ஒரே தேடுபெட்டி. கிடைப்பது சுருக்கம்தான், ஆவணம் இல்லை, ஆனால் எண் கிடைத்துவிடும். முதலில் வருடம், பிறகு இரண்டு எழுத்து, பிறகு வரிசை எண். டி.ஆர். என்றால் போக்குவரத்து, சி.எம். சின்னக் குற்றம், எஃப்.ஏ. விவாகரத்து போன்ற குடும்ப வழக்கு. எல்லா மாநிலத்திலும் இப்படி ஒரே பெட்டி கிடையாது, பல இடங்களில் ஒவ்வொரு கவுன்டியும் தனி உலகம். நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேல் கவுன்டிகள் இருக்கின்றன, அதனால் இங்கே நான் சொல்வதை அப்படியே டெக்சாஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் கோர்ட் கிளார்க் என்ற ஒருவர் எங்கும் இருப்பார், பெயர்தான் மாறும்.

பெயர் என்றதும் நம்மவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டவர் உண்டு, தன் பெயரையே கடைசிப் பெயராக்கி அப்பா பெயரை முதலில் வைத்தவரும் உண்டு. இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், கேட்டே இராத பதினைந்து எழுத்துப் பெயரை எழுதுகிற போலீஸ்காரர் என்ன எழுதியிருப்பார் என்று சொல்ல முடியாது. இரண்டு வரிசையிலும் தேடுங்கள், ஒரு எழுத்தை விட்டும் தேடுங்கள், பிறந்த தேதியை வைத்துச் சரிபாருங்கள்.

நாங்கள் எப்படித் தேடியும் தம்பி பெயர் வரவில்லை. பயந்துவிட்டோம். சர்க்யூட் கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் இருந்த பெண்மணிதான் போனில் பொறுமையாகக் கேட்டார்: "சீட்டைக் கொடுத்தது ஷெரிஃப் ஆளா, ஊர்ப் போலீஸா?" ஷெரிஃப் என்றால் கவுன்டியின் போலீஸ் அதிகாரி. ஊர்ப் போலீஸ் என்றதும், அப்படியானால் அது எங்களிடம் வந்தே இருக்காது, ஊரின் முனிசிபல் கோர்ட்டுக்குப் போயிருக்கும், சிட்டி ஹாலில் கேளுங்கள் என்றார். இந்த ஒரு கேள்வி எங்களுக்குத் தெரிந்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். முனிசிபல் கோர்ட் வழக்குகள் சிகேப்பில் வராது. சீட்டின் மேலேயே எந்த கோர்ட், எங்கே என்று அச்சிட்டிருக்கும், ஆனால் சீட்டை யார் வைத்திருக்கிறார்கள்?

அந்த முனிசிபல் கோர்ட் அலுவலகம் வாரத்தில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். தண்ணீர் பில் கட்டும் அதே ஜன்னல். இந்த மாநிலத்து ஃபுட்பால் அணியான பேக்கர்ஸின் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா கணினியைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு இரும்பு அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது, திரும்பி வந்து கோப்பு இல்லை, அந்த வருடத்துக் கோப்புகளை அழித்துவிட்டோம் என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. இந்தப் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் தேடியதில் ஆவணம் எதுவும் இல்லை, விதிப்படி அழிக்கப்பட்டது என்று கோர்ட்டின் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்துப் போட்டு, புடைப்பு முத்திரை இயந்திரத்தில் காகிதத்தைச் செருகி இரண்டு கையாலும் அழுத்தினார். விரலால் தடவினால் முத்திரை தெரிந்தது. ஆவணம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு சான்றுக் கடிதத்தைக் குடியேற்ற அலுவலகம் ஏற்கும் என்று வக்கீல் சொன்னார், ஏற்றுக்கொண்டார்கள்.

இது அபூர்வமும் இல்லை. விஸ்கான்சின் சர்க்யூட் கோர்ட்டுகளில் சாதாரண அபராத வழக்குக் கோப்புகளை 5 வருடம், சின்னக் குற்ற வழக்குகளை 20 வருடம், பெரும்பாலான பெரிய குற்ற வழக்குகளை 50 வருடம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. இதைப் படிக்கிற மாணவர்கள் யாராவது நேற்று ஒரு சீட்டு வாங்கியிருந்தால், பணம் கட்டிய கையோடு முத்திரை போட்ட நகல் இரண்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். செலவு பெரிதில்லை. இந்த மாநில சர்க்யூட் கோர்ட்டில் பக்கத்துக்கு 1.25 டாலர், சான்று முத்திரைக்கு 5 டாலர். வழக்கு எண் தெரியாமல் பெயரை மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னால் அதற்கு இன்னொரு 5 டாலர். நான்கு பக்கத் தீர்ப்பு என்றால் எண் கையில் இருந்தால் 10 டாலரில் முடியும்.

நேரில் போக முடியாதவர்கள் தபாலில் கேட்கலாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: முழுப் பெயர், அது எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கலாம் என்பது, பிறந்த தேதி, வழக்கு எண் அல்லது வருடம், எந்த ஆவணம் வேண்டும் என்பது. 'எல்லாக் காகிதமும்' என்று எழுதாதீர்கள், பக்கக் கணக்கு ஏறும். முத்திரை போட்ட நகல் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், சாதா ஜெராக்ஸ் அனுப்பிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. தொகையை போனில் கேட்டு மணி ஆர்டர் வையுங்கள், அப்புறம் உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்று. சின்ன அலுவலகம், ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், மதியம் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். காலையில் கூப்பிட்டுத் தன்மையாகப் பேசினால் அவர்களே வழி சொல்கிறார்கள்.

என்னை மிகவும் தொட்ட விஷயம் ஒன்று. ஏன் கேட்கிறாய், நீ யார் என்று அந்த ஜன்னலில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. பெயர் சொல்லவில்லை, காரணம் சொல்லவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று இந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்திலேயே இருக்கிறது. சிறார் வழக்கு, தத்து போன்றவை மட்டும் மூடியவை. நம் ஊரில் வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி மனு போட வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது, கோர்ட் விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அங்கே வளர்ந்த எனக்கு அந்த ஜன்னல் முன்னால் நின்றது பெரிய விஷயமாக இருந்தது. இந்த உரிமை இருப்பது தெரியாமல்தான் நம் பிள்ளைகள் தரகுத் தளங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

திருத்தத்தை அடுத்த இதழிலேயே, அதே கேள்வி-பதில் பகுதியில் போடுங்கள். கேள்வி கேட்ட வாசகர் இந்நேரம் எஃப்.ஓ.ஐ.ஏ. மனுவை அனுப்பிவிட்டுத் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குச் சீட்டைக் கொடுத்தது ஷெரிஃபா, ஊர்ப் போலீஸா என்று முதலில் நினைவுபடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேடிசனிலிருந்து ஒரு வாசகி