கரடு வேறு, கேடு வேறு: உங்கள் ஷிராஸ் பாட்டில் பற்றிய புகார்

அனுப்புநர்: ஈரோட்டு வாடிக்கையாளர் (பெயர், எண், ரசீது நகல் இணைப்பில்)
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், நாசிக்

ஐயா,

போன மாதம் கோவையில் ஒரு கடையில் உங்கள் ஒற்றைத் தோட்டத்து ஷிராஸ் சிவப்பு ஒயின், 2024 அறுவடை, 2 பாட்டில் வாங்கினேன். ஒன்று 2,150 ரூபாய். முதல் பாட்டில் கெட்டிருந்தது. உங்கள் சேவை எண்ணுக்குப் பேசினால், "இது இளம் ஒயின் சார், கரடாத்தான் இருக்கும், பழகாதவங்களுக்குப் பிடிக்காது" என்றார் எடுத்தவர். கெட்ட பாட்டிலைக்கூட விட்டுவிடுவேன். இந்தப் பதிலை விட மனசு வரவில்லை.

நான் மஞ்சள் வியாபாரி. 26 வருஷமாக விரலியை ஒடித்து, மோந்து பார்த்து விலை சொல்கிறவன். மூக்கு ஏமாந்தால் கைக்காசு போகும். ஜனவரியில் ஷீரடி போய்த் திரும்பும்போது மருமகன் உங்கள் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அறுவடை நடந்துகொண்டிருந்தது. இதே ஒயினை அங்கேயே ருசி பார்த்தேன். நாவல்பழமும் மிளகும் சேர்ந்த மணம். ஈறு பிடிக்கிற துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் அந்தத் துவர்ப்பு இளசில் தூக்கலாகத்தான் இருக்கும், வருஷம் போனால் மெத்தென்று ஆகும் என்று உங்கள் ஆளே சொன்னார். மிளகு மணம் என் தொழில் புத்தி என்று நினைத்தேன். அப்புறம் தேடிப் படித்தால், மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸிலும் இருப்பதாக 2008இலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பாட்டில். ஈரோட்டு வெயிலுக்கு அறைச்சூடு ஆகாது என்று அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். மிளகாய்க் காரம் துவர்ப்பை இன்னும் கடுமையாக்கும் என்பதால் பள்ளிபாளையம் சிக்கனும் அன்றைக்கு வேண்டாம் என்றேன் (வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்புதான்). கார்க் மேலே தள்ளவில்லை, கசிவும் இல்லை, வேகவைத்த பழ வாடையும் இல்லை. அதனால் வெயிலில் கிடந்த கேடு என்று கடைக்காரர் மேல் பழி போட எனக்கு வழியில்லை. டம்ளரில் ஊற்றியதுமே வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, மழையில நனைஞ்ச சாக்காட்டம் நாறுதுங்களே!" என்றாள். அதேதான். நாவலும் இல்லை, மிளகும் இல்லை. வாயில் வெறும் துவர்ப்பும் புளிப்பும். காற்றாடட்டும் என்று 2 மணி நேரம் வைத்தேன். சாக்கு நாற்றம் ஏறியதே தவிர இறங்கவில்லை.

இதற்குப் பெயர் கார்க் கேடு. 1981இல் சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ் டானர் குழுவினர் கண்டுபிடித்துச் சொன்ன ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள்தான் காரணம். கார்க்கில் இருக்கும் பூஞ்சை, குளோரின் சேர்ந்த பொருள்களை இதுவாக மாற்றிவிடுகிறது. ஒரு லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பழ மணத்தை அமுக்கிவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். அதற்காக ஈரம் பட்ட மூட்டையை "இது புது மஞ்சள், இப்படித்தான் இருக்கும்" என்று நான் ஏலத்தில் வைத்தால் யாராவது வாங்குவார்களா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன். ஜனவரியில் குடித்த அதே ஒயின், கரடும் சேர்த்து. இன்னும் 3 வருஷம் வைக்கலாம் என்று தோன்றியது. உங்கள் தோட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கெட்ட பாட்டிலுக்குப் பதில் பாட்டிலோ பணமோ தாருங்கள். அந்தத் தொகுதியில் அடைத்த கார்க்குகளைச் சோதித்து முடிவை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஃபோன் எடுப்பவர்களுக்குக் கெட்டுப்போன ஒரு பாட்டிலையும் நல்ல ஒரு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து மோந்து பார்க்கக் கொடுங்கள். மிச்ச ஒயினை மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். கார்க் தனியாக ஒரு கண்ணாடிப் புட்டியில் இருக்கிறது. 15 நாளுக்குள் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளவும். மண்டி நேரம் போக, மாலை 4 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஈரோட்டு வாடிக்கையாளர்