சினை நாய்க்குக் கால்சியம் டானிக் தர மறுப்பது ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் செல்லப்பிராணிப் பொருட்கள் கடையைப் பற்றிய குரல் பதிவு ஒன்று சேலம் அஸ்தம்பட்டிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சில நாட்களாகச் சுற்றி வருவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சினையாக இருக்கும் பொமரேனியனுக்குக் கால்சியம் டானிக் கேட்டு வந்தவருக்கு, பாட்டில் கண்ணெதிரே அலமாரியில் இருந்தும் கொடுக்க மறுத்தோம் என்றும், வாயில்லா ஜீவனிடம் இரக்கமற்றவர்கள் என்றும், விலை கூடிய குட்டிப்பால் பவுடரை மட்டும் தலையில் கட்டப் பார்த்தோம் என்றும் அதில் சொல்லப்படுகிறது. டானிக்கைக் கொடுக்கவில்லை என்பது உண்மை. இரக்கமில்லை என்ற சொல்லுக்குத்தான் பதில் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. அந்த மறுப்பே அந்த நாயின் உயிரை எண்ணிச் செய்தது.

சினையாக இருக்கும் பெண்ணுக்குச் சத்து வேண்டும், எலும்பு வளரச் சுண்ணாம்புச்சத்து வேண்டும் என்று நாம் எல்லோரும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். அதே நினைப்பில் நாய்க்கும் டானிக் கேட்பதில் தவறான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் நாயின் உடலில், அதிலும் ஐந்தாறு கிலோ எடையுள்ள சிறு நாயின் உடலில், அது வேறு விதமாக வேலை செய்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும்படி கட்டளையிடும் சுரப்பிகள் கழுத்தில் இருக்கின்றன. சினைக்காலம் முழுவதும் வெளியிலிருந்து டானிக்காகவும் மாத்திரையாகவும் கால்சியம் வந்துகொண்டே இருந்தால், வெளிநாட்டுப் பணம் மாதம் தவறாமல் வரும் வீட்டில் உழைக்கும் பழக்கம் விட்டுப்போவதைப் போல, அந்தச் சுரப்பிகள் சோம்பிவிடுகின்றன. குட்டி போட்ட பிறகு பாலின் வழியாகக் கால்சியம் வேகமாக வெளியேறும்போது, எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும் வேலையை அவற்றால் உடனே தொடங்க முடிவதில்லை. மருத்துவர்கள் எக்லாம்ப்சியா என்று சொல்லும் வலிப்புநோய்க்கு இது வழி திறந்துவிடுகிறது.

இந்நோய் பெரும்பாலும் குட்டி போட்ட முதல் நான்கு வாரங்களுக்குள், குட்டிகள் பால் அதிகம் குடிக்கும் நாட்களில், சிறு இன நாய்களுக்கே மிகுதியாக வருகிறது. நாய் நிலைகொள்ளாமல் அலையும், மூச்சிரைக்கும், கால்கள் விறைத்து நடை தடுமாறும், தசைகள் துடிக்கும், பிறகு காய்ச்சலோடு வலிப்பு வரும். சேலத்து வெயிலில் நாய் இரைப்பது வழக்கம்தானே என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறோம், அதுதான் எனக்கு மிகுந்த அச்சம் தருவது. பால் கொடுக்கும் சிறு நாய் இரைத்தபடி நடுங்கினால், குட்டிகளை அதனிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு, அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓட வேண்டும். இதயத் துடிப்பைக் கவனித்தபடி மருத்துவர் மெதுவாக இரத்தநாளத்தில் ஏற்றும் கால்சியத்தால் பெரும்பாலும் நாய் விரைவிலேயே தெளிந்துவிடுகிறது. அலமாரியில் இருக்கும் பாட்டில் அந்த நேரத்துக்கு உதவாது.

அந்தப் பொமரேனியன் வெறும் தயிர்ச்சோறுதானே தின்கிறது, சத்துக்கு என்ன செய்வது என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி. சினையின் கடைசி மூன்று வாரங்களில் மெல்ல மெல்ல, நாய்க்குட்டிகளுக்கென்றே தயாரித்து விற்கப்படும் உணவுக்கு மாற்றுங்கள் என்பதே எங்கள் பதில். அதில் கால்சியமும் பாஸ்பரசும் உரிய விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன. வயிற்றில் இடம் குறைவதால் சிறு சிறு அளவாக நாளுக்கு நான்கு முறை வையுங்கள், பால் கொடுக்கும் நாட்களில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கூடக் கேட்கும், தயங்காமல் கொடுங்கள். மருத்துவர் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் டானிக்கும் தருகிறோம், என்றும் தந்திருக்கிறோம்.

எங்களிடம் இப்படிக் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் குட்டி வேண்டும் என்று இணை சேர்த்தவர்கள் அல்லர். இரத்தக்கசிவு நின்றதும் இணை சேரும் பருவம் முடிந்துவிட்டது என்று எண்ணி நாயை மொட்டைமாடிக்கோ தெருவுக்கோ விட்டவர்கள். சராசரியாக ஒன்பது நாள் கசிந்து, கசிவு வெளிறிக் குறைந்த பிறகு வரும் ஒரு வாரம், பத்து நாட்களில்தான் பெட்டை ஆண் நாயை ஏற்கிறது. ஆகவே நின்றபின்தான் கதவைக் கூடுதலாகப் பார்த்துப் பூட்ட வேண்டும். இணை சேர்ந்த பிறகு கருவைக் கலைக்கும் ஊசி கேட்டும் சிலர் வருகிறார்கள். பழைய ஈஸ்ட்ரோஜன் ஊசிகள் கருப்பையில் சீழ் கட்டவும் எலும்பு மஜ்ஜை கெடவும் காரணமாகக்கூடியவை என்பதால் அது முழுக்க மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. குட்டி வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே கருப்பையை அகற்றும் அறுவை செய்வதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். மனிதர்களுக்கான கர்ப்பச் சோதனை அட்டை நாய்க்குப் பயன்படாது, அது தேடும் ஹார்மோன் நாயிடம் கிடையாது. இணை சேர்ந்து நான்கு வாரம் கழித்து ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும்.

இணை சேர்ந்த 55ஆம் நாளுக்குப் பின் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும்படி நாங்கள் வற்புறுத்துவதும் சிலருக்கு வீண் செலவாகத் தோன்றுகிறது. எத்தனை குட்டி என்று தெரியாவிட்டால், கடைசிக் குட்டி வெளியே வந்துவிட்டதா, உள்ளே ஒன்று தங்கிவிட்டதா என்பதை நள்ளிரவில் யாராலும் சொல்ல முடியாது. ஒரே குட்டியாக இருந்தால் அது பெரிதாக வளர்ந்து சிறு நாயின் இடுப்பில் சிக்கிக்கொள்ளலாம். பக், ஷிட்சூ போன்ற தட்டை முக இனங்களின் குட்டிகளுக்குத் தலை பெரிது, ஆகையால் அறுவைக்கு வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

பிரசவத்துக்கு வேண்டிய பொருட்கள் வீட்டிலேயே பாதி இருக்கின்றன. தாய் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு அட்டைப்பெட்டி, தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் ஒதுங்க உட்புறச் சுவரையொட்டி ஒரு சட்டம், நாளிதழ்கள், துவைத்த பழைய பருத்தி வேட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரிக்கோல், நூல், பெட்டாடைன் மருந்து, சமையலறை எடைத் தராசு, வெப்பமானி ஆகியவை போதும். இணை சேர்ந்ததிலிருந்து தோராயமாக 63 நாட்கள் என்று கணக்கு வைத்து, கடைசி வாரத்தில் காலை, மாலை இருவேளையும் ஆசனவாயில் வெப்பம் பாருங்கள். வழக்கமாக 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும் வெப்பம் 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வராவிட்டாலும், உள்ளே குட்டி இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும், முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நிறத்தில் கசிந்தாலும் காத்திருக்க வேண்டாம். பிரசவ வலியைத் தூண்டும் ஊசி கேட்டு எங்களிடம் வராதீர்கள். அது மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து, குட்டி சிக்கியிருக்கும்போது போட்டால் கருப்பையே கிழியலாம். உங்கள் மருத்துவர் இரவில் எடுக்கும் எண்ணையும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எந்நேரம் பார்ப்பார்கள் என்பதையும் முன்பே விசாரித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

குட்டிப்பால் பவுடரைப் பற்றிய குறைக்கும் ஒரு சொல். குட்டிக்குத் தாய்ப்பால்தான் முதலும் முடிவும், அதிலும் முதல் நாளின் சீம்பால் கட்டாயம். தாய்க்குப் பால் இல்லாவிட்டாலோ, குட்டியின் எடை நாளுக்கு நாள் ஏறாவிட்டாலோதான் பவுடர் தேவை. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரு மடங்கு இருப்பதால், தண்ணீர் கலந்த பசும்பாலில் குட்டி தேறாது. ஆகவேதான் ஒரு சிறிய டப்பா கையில் இருக்கட்டும் என்கிறோம். பிரிக்காத டப்பாவைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் தருகிறோம், பலர் வாங்கிச் சென்றும் இருக்கிறார்கள். உடல் குளிர்ந்த குட்டிக்கு எதையும் புகட்டாமல் முதலில் சூடேற்றுங்கள். முதல் வாரம் குட்டிகள் இருக்கும் இடத்தில் 85 முதல் 90 டிகிரி வேண்டும். சித்திரையில் நம் ஊரே அதைக் கொடுத்துவிடும், மார்கழியில் ஒரு பல்பு தேவைப்படும்.

பிறந்த குட்டிகளை விற்பனைக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்பதிலும் சிலருக்கு வருத்தம் இருக்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. அதற்கு முன் தாயிடமிருந்து பிரிப்பதில் எங்களுக்கும் உடன்பாடு இல்லை. வளர்க்க ஆள் தேடுவோருக்காகக் கடை முகப்பில் பலகை ஒன்று வைத்திருக்கிறோம், கட்டணம் எதுவும் இல்லை.



அந்தக் குரல் பதிவுக்கு நாங்கள் கேட்காமலேயே குழுக்களில் பதில் எழுதியவர்களுக்கும், விடியற்காலையில் அழைத்து எல்லாக் குட்டிகளும் நலம் என்று சொல்லும் வழக்கத்தை இன்றும் விடாதவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. குறை சொன்னவரும் எங்கள் பழைய வாடிக்கையாளர்தான். அவருடைய பொமரேனியனுக்கு நாள் நெருங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துவிட்டாரா என்று தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், வெப்பமானியும் தராசும் அவருக்காக எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்