குமாசியில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

கானாவில் அக்ராவிலிருந்து குமாசிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் லாரியில் தரைவழியாகப் போய் வந்த எங்கள் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி குமாசியின் வண்டிப் பட்டறைப் பேட்டையான சுவாமே மேகசின் ஃபிட்டர்களுக்கு. குமாசிக்குச் சற்று முன்னால், எஜிசு அருகே, எங்கள் லாரியின் பின்பக்கக் கமான் பட்டை முறிந்தது. பழைய மாடல் வண்டி. புதுப் பட்டை எப்போது கிடைக்குமோ என்று எங்கள் ஓட்டுநர் கலங்கிப்போனார். அந்த வழியாக வந்த ஒரு ட்ரோட்ரோக்காரர், அதாவது ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவர், தன் வேனை நிறுத்திக் குனிந்து பார்த்தார். "மேகசினுக்குக் கொண்டு போங்கள், செய்து தருவார்கள்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, அச்சுக்கு மேல் மரக்கட்டை வைத்துக் கட்டிக்கொடுத்து, எங்களுக்கு முன்னால் மெதுவாக ஓட்டி வழிகாட்டினார். அவருடைய மேட், அதாவது கண்டக்டர் தம்பி, எங்கள் லாரிப் படியில் நின்றபடியே வந்து நெரிசலில் வழி வாங்கிக்கொடுத்தார். அந்த ஒரு சாயங்கால வருமானத்தை இருவரும் எங்களுக்காக இழந்தார்கள்.

மேகசின் என்பது ஆயிரக்கணக்கான பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் பெரிய பேட்டை. எஞ்சினுக்கு ஓர் ஆள், கியர்பாக்ஸுக்கு ஓர் ஆள், பழைய பாகம் விற்க இன்னொருவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. எங்கள் வேலையை ஏற்ற மாஸ்டர் ஃபிட்டர், கழித்துப்போட்ட லாரி ஒன்றிலிருந்து பட்டையைத் தேடி எடுத்தார். அளவுக்கு வெட்டி, உலையில் காய்ச்சி, பழைய பட்டையின் வளைவோடு ஒத்துப்பார்த்துத் தட்டினார். சரியான சூட்டில் தோய்த்து, மறுபடி இளஞ்சூடு காட்டாவிட்டால் பட்டை ஒன்று தொய்ந்துவிடும், இல்லை பட்டென்று உடைந்துவிடும். மாஸ்டர் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொன்னார். பக்கத்துப் பட்டறையில், பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளுக்கு மரை வெட்டினார்கள். வேலை முடியும்வரை பணப்பேச்சே இல்லை. முடிந்தபின் கேட்ட கூலியும் நியாயமானது. மாஸ்டர், அதற்குப் பின் எத்தனையோ மோசமான சாலைகளைப் பார்த்தாயிற்று, நீங்கள் போட்ட பட்டை அசையவில்லை. இரவில் டார்ச் பிடித்து நின்ற பயிற்சித் தம்பிகளுக்கும் எங்கள் அன்பு.

பட்டறைக்கு எதிரே சாப் பார் என்கிற சிறு சாப்பாட்டுக்கடை நடத்தும் அம்மாவுக்கும் பெரிய நன்றி. மற்றவர்களுக்கு ஃபுஃபு என்கிற இடித்த கிழங்கு உருண்டையும் சூப்பும் பரிமாறிவிட்டு, சைவம் சாப்பிடும் எங்கள் சிலருக்காகத் தட்டைப்பயறை மீன் சேர்க்காமல் பாமாயிலில் தனியாகச் சமைத்து, வாழைக்காயைப் பொரித்துக் கொடுத்தார். அப்புறம் நாங்கள் கேட்காமலே படுக்கப் பாய் விரித்தார்.

குமாசியில் அசாந்தி மக்களுடைய மன்னரின் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்தில் எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டிக்கு நன்றி. அசாந்தியருடன் நடந்த 1874 போரில் ஆங்கிலேயர் கொள்ளையடித்த பொன்பொருள்களில் சில, 150 ஆண்டு கழித்து 2024இல் லண்டன் அருங்காட்சியகங்களிலிருந்து குமாசிக்கு வந்தன. வந்ததும் கடனாகத்தான். அதை அவர் விளக்கியபோது எங்களில் யாருக்கும் பேச்சு வரவில்லை. அசாந்தியரின் புனிதச் சின்னமான பொன் இருக்கையைக் கேட்ட ஆங்கிலேயரை எதிர்த்து 1900இல் போருக்குத் தலைமை தாங்கிய யா அசந்தேவா, எங்கள் வண்டி நின்ற அதே எஜிசுவின் அரசித்தாய் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

நெசவுக்குப் பெயர்போன போன்விரே ஊரில் தறியை நிறுத்தி, கெந்தே துணியின் குறுகலான பட்டைகள் எப்படி ஒன்றாகத் தைக்கப்படுகின்றன என்று பொறுமையாகக் காட்டிய நெசவாளருக்கும் நன்றி.

பொசும்ட்வி ஏரிக்கரையில் அபோனோ ஊர்ப் பெரியவர்கள் எங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. மீனவர்கள் மரபுப்படி பலகையில் படுத்துக் கையாலேயே துழாவிப் போகிறார்கள். அசாந்தி மக்களுக்குப் புனிதமான அந்த நீரில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று கோபமில்லாமல் சொல்லித்தந்தீர்கள் ஐயா.

அக்ராவுக்கு அருகே துறைமுக நகரான டெமாவில் வசிக்கும் தமிழ் அக்கா ஒருவர் இந்த மடலை ஆங்கிலத்தில் எழுதி, அடுத்த முறை குமாசி போகும்போது மேகசினிலும் சாப் பாரிலும் நேரில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பட்டறையில் எடுத்த படங்களையும் அவரிடம் அனுப்பியிருக்கிறோம். பயிற்சித் தம்பிகளுக்கு ஆளுக்கு ஒரு பிரதி உண்டு.

அன்புடன்,
குழுவினர் அனைவரின் சார்பில்