செந்தூல் நண்பனுக்கு: பையன்களுக்கு எந்தச் சண்டையைக் காட்டுவது?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். பினாங்கில் ஒரு வாரமாக மழை.

உன்னிடம் குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குப் பெரிய வீரர்களின் வெற்றிகளைப் போட்டுக் காட்டப் போவதாக எழுதியிருந்தாய். தோல்விகளையும் காட்டுடா. ஆனால் ஆள் விழுந்த அந்த ஒரு அடியோடு நிறுத்திவிடாதே. சண்டைக்கு இரண்டு மாதம் முன்பு அவன் எப்படித் தயாரானான், சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கிற ஒரு நிமிடத்தில் கார்னரில், அதாவது மூலையில் அவனைக் கவனிக்கும் பயிற்சியாளர் குழு, என்ன செய்தது என்பதையும் சொல். சரிவுகளில் பாதி அந்த இரண்டு இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் பனாமா வீரர் ரொபர்டோ டுரானைக் காட்டு. 1980 ஜூன் 20, மொன்ட்ரியாலில் ரே லெனார்டை 15 சுற்று நெருக்கிப் பிடித்து வென்றார். அதுதான் அவருடைய உச்சம். ஐந்தே மாதத்தில், நவம்பர் 25, நியூ ஆர்லியன்சில் எட்டாவது சுற்றில் முதுகைத் திருப்பிக்கொண்டு போதும் என்றுவிட்டார். இடையில் நடந்தது கொண்டாட்டம், ஏறிய எடை, பிறகு அந்தப் பிரிவின் வரம்பான 147 பவுண்டுக்கு அவசர அவசரமாக இறக்கம். கடைசி நாட்களில் இறங்குவது கொழுப்பு இல்லை, தண்ணீர். இரத்தத்தின் அளவு குறையும், தசை பிடிக்கும், ஆறாவது சுற்றிலேயே கால் கனக்கும். எடை பார்த்த பிறகு வயிறு நிறையத் தின்றால் இன்னும் மோசம். லெனார்டும் இந்த முறை எதிரே நின்று அடி வாங்காமல் சுற்றிச் சுற்றி ஆடினார். கால் ஓய்ந்தவனுக்கு அதைவிடத் தண்டனை கிடையாது. ஆனாலும் டுரானின் கதை அங்கே முடியவில்லை. 1983இல் டேவி மூரையும், 1989இல் 37 வயதில் தன்னைவிடப் பெரிய ஈரான் பார்க்லியையும் வென்றார். அதையும் சேர்த்துக் காட்டினால்தான் நியாயம்.

முகமது அலியின் கோலாலம்பூர் சண்டை சப்பென்று இருந்ததே என்று கேட்டிருந்தாய். 1975 ஜூலை 1, நம் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரோடு 15 சுற்று. நீ சொன்னது உண்மைதான். பக்னர் கையை உயர்த்தி மூடிக்கொண்டு பின்வாங்கினார், அலி ஜாப் (முன்கையால் போடும் நேர்க் குத்து) போட்டே காலத்தைக் கடத்தினார். ஆனால் மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 1 மணிலாவில் ஃபிரேசியரோடு மோதியதை அதோடு சேர்த்துப் பார். இரண்டும் புழுக்கத்தில் நடந்தவை. கோலாலம்பூரில் எதிராளி ஒதுங்கியதால் அலி மூச்சு வாங்கிக்கொள்ள முடிந்தது. மணிலாவில் ஃபிரேசியர் ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. 14 சுற்று முடிந்தபோது ஃபிரேசியரால் பார்க்கவே முடியவில்லை. இன்னும் ஒரே சுற்றுதான் பாக்கி; அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் நிறுத்திவிட்டார். குத்துச்சண்டையில் நான் மிக உயர்வாக மதிக்கும் முடிவு அது.

அதற்கு நேர் எதிர் 1980 அக்டோபர் 2, லாரி ஹோம்ஸோடு அலி மோதியது. அலிக்கு 38 வயது. எடை இறங்கி, உடம்பு பார்க்க அழகாக இருந்தது. தைராய்டு மாத்திரை இறக்கிய எடை அது, பயிற்சி இறக்கியது இல்லை. தலையை இழுக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது, உடம்பு நகரவில்லை. லாரி ஹோம்ஸின் ஜாப் எல்லாம் முகத்தில் விழுந்தது. பத்தாவது சுற்றுக்குப் பிறகுதான் அலியின் பயிற்சியாளர் டண்டீ நிறுத்தினார். ஐந்தாவதிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு மேலும் 1981 டிசம்பரில் பெர்பிக்கோடு மோத அவரை ரிங்கில் ஏற்றினார்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

டைசனின் 1990 பிப்ரவரி 11, டோக்கியோ சண்டையில் கார்னரை மட்டும் பார்க்கச் சொல். பஸ்டர் டக்ளஸின் ஜாப்பில் டைசனின் இடது கண் வீங்குகிறது. பழைய பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988இலேயே அனுப்பிவிட்டார்கள். புதிய கார்னரிடம் எண்ட்ஸ்வெல் இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒத்தடம் கொடுத்தார்கள். எண்ட்ஸ்வெல் என்பது ஐஸில் போட்டு வைக்கிற தட்டையான உலோகத் துண்டு. வீக்கத்தின் மேல் அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்த்து ஓரமாகத் தள்ளினால் உள்ளே சின்ன இரத்தக் குழாய்கள் இன்னும் உடைந்து வீக்கம் பரவும். நாற்காலியில் உட்கார்ந்த உடனே தொடங்கினால் முழுசாக 40 விநாடி கிடைக்கும். முதலில் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தால் அதுவும் போச்சு. உன் பையில் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும், ஒன்று எப்போதும் ஐஸில்.

பாக்கியாவோவைப் பற்றிப் பையன்களுக்கே தெரிந்திருக்கும். 2012 டிசம்பரில் ஆறாவது சுற்றின் கடைசி விநாடியில், தலையை நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். எதிராளி மார்க்கேஸின் வலது கை காத்திருந்தது; அந்த ஒரே அடியில் விழுந்தார். 2018 ஜூலையில் புக்கிட் ஜாலிலில் மத்தீசேயை மூன்று முறை தரையில் விழச் செய்து ஏழாவதில் முடித்தார். அதில் அவர் ஒவ்வொரு குத்துக்கும் பிறகு பக்கவாட்டில் விலகுவதைப் பார்க்கச் சொல்.

கடைசியாக ஃபோர்மன். 1974இல் கின்ஷாசாவில் அலியிடம் எட்டாவது சுற்றில் விழுந்தவர், 1994 நவம்பர் 5 அன்று 45 வயதில் மைக்கேல் மூரரிடம் புள்ளியில் பின்தங்கியபடி பத்தாவது சுற்றுக்கு வருகிறார். வயதானால் முதலில் போவது கால், பிறகு கண்ணின் வேகம். குத்தின் கனம் கடைசி வரை இருக்கும். அவர் செய்தது ஒரு ஜாப், பின்னால் குட்டையான ஒரு நேர் வலது, அவ்வளவுதான். மூரர் எதிரிலேயே நின்றதால் அது போதுமாக இருந்தது. எதிரே நிற்காதே என்று அவருடைய கார்னர் அதற்கு முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இடைவேளைகளில் மட்டும் சத்தத்தைக் கூட்டி வை.

எண்ட்ஸ்வெல் அங்கே கிடைக்காவிட்டால் எழுது, இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் ஜெலுத்தோங் நண்பன்