அட்டை கடித்த இடம்

களுவாஞ்சிக்குடி

அன்புள்ள மகளுக்கு,

முழங்காலுக்கு அட்டை விட்டேன் என்றதும் போனை வைத்தாய். இன்றோடு நாற்பது நாள். கோபம் என்றால் தாங்குவேன். ஆனால் நான் அந்தக் கதையை எடுக்க முன்னமே உன் குரல் அடைத்துத்தான் இருந்தது. தடிமனா? நேரத்துக்குச் சாப்பிடு.

எண்ணெய், ஒத்தடம், குளிசை எல்லாம் பார்த்தது உனக்குத் தெரியும். போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் குளத்துப் படியில் இறங்க முடியாமல் மேலேயே நின்றேன். அப்பாவுக்காக முழுகத் தம்பி மட்டும்தான் இறங்கினான். அதன் பிறகுதான் சித்த வைத்தியரிடம் போனேன். அழல்கீல்வாயு, அதாவது மூட்டுத் தேய்வு என்றார். அட்டைகளை மஞ்சள் தண்ணீரில் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, வலது முழங்காலைச் சுற்றி நாலு விட்டார். படுவான்கரை வயலில் கடித்தால் வீட்டுக்கு வந்துதான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கக் கடிக்கும்போது எறும்பு கடித்த மாதிரிச் சுருக்கென்றது, அவ்வளவுதான். மெல்லிசாய் ஒட்டியது முக்கால் மணித்தியாலத்தில் பெருவிரல் தடிப்புக்கு ஊதித் தானாகவே விழுந்தது. கடித்த இடத்தில் மூன்று சின்னக் கீற்று, இன்னும் மாறவில்லை. அதன் எச்சிலில் இருக்கும் ஹிருடின்தான் இரத்தத்தை உறைய விடாதாம். 2003இல் ஜேர்மனியில் முழங்கால் தேய்ந்த 51 பேரை வைத்துப் பார்த்ததில், டைக்ளோபினாக் என்ற நோவு மருந்து பூசியவர்களைவிட அட்டை விட்டவர்களுக்கு ஒரு கிழமையில் நோவு நன்றாகக் குறைந்ததாம். தாதி நீ, விசாரித்துச் சொல்லு.

உன்னைப் பற்றிப் பெருமையாகக் கதைக்காத நாளில்லை, மகள். லண்டனில் ஊரார் நோயெல்லாம் பார்க்கிற பிள்ளைக்கு அம்மாவோடு கதைக்க ஐந்து நிமிடம் இல்லையா? மருமகனுக்குப் பிடித்த கஜு அனுப்பினேன். கிடைத்தது என்று அவரும் ஒரு சொல் சொல்லவில்லை. வேலை கூடவாக்கும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரை முழிக்காதே.

உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை ஏதும் குடிக்கிறீர்களா என்று வைத்தியர் முதலே கேட்டார். இல்லை என்றேன். சொன்னால் அட்டை விடமாட்டார் என்று தெரியும். அன்றிரவு மஞ்சளும் பஞ்சும் வைத்துக் கட்டியும் நிற்கவில்லை. பழஞ்சீலைத் துண்டு மூன்று நனைந்தது. விடியத் தம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். நோவு குறைந்தது உண்மை. ஆனால் பிழை வைத்தியரில் இல்லை, என்னில்தான்.

அப்பாவின் வருத்தத்தையும் இப்படித்தான் மறைத்தேன். உன் சோதனை முடியட்டும் என்று பார்த்தேன். நீ வந்து சேர்ந்தபோது அவருக்கு உன்னைத் தெரியவில்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. நான் செய்தது பிழை, மகள். மறைக்கிற பழக்கம் என்னிடமிருந்து உனக்கும் வந்துவிட்டதோ என்று பயமாயிருக்கிறது.

நீ வேலை முடிந்து வரும் நேரம் இங்கே நடுச்சாமம். பரவாயில்லை, எடு. போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா